என் முதல் பிறப்புச் சான்றிதழ் எங்கே?

(சின்னசேலத்தில் நடந்த சாதி ஒழிப்புக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த ஒரு அக்கா கேட்டார்: "நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?" நம்ம ஊரில் இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா பெயரைச் சொன்னேன். பேருந்து நடத்துநராக இருந்தவர், பலருக்குத் தெரிந்தவர். அக்காவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

நான் தொட்டில் குழந்தை. 1992இல் சேலத்தில் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் குழந்தையைக் கொன்றுவிடாதே, தொட்டிலில் விட்டுவிட்டுப் போ என்று சொன்ன திட்டம். 2011 கணக்கெடுப்பில் பெண் குழந்தைகள் குறைந்தது தெரிந்த பிறகு, அப்போது நம்ம ஊர் இருந்த விழுப்புரம் மாவட்டத்துக்கும் அது வந்தது. அந்தத் தொட்டில் இல்லையென்றால் இந்த மைக் முன்னால் நான் இல்லை. அதை மறந்துவிட்டுப் பேசவில்லை.

என் பிறப்புச் சான்றிதழில் என்னை வளர்த்த அப்பா, அம்மா பெயர்தான் இருக்கிறது. தத்து முடிந்ததும் அவர்கள் பெயரில் சான்றிதழ் கொடுப்பதுதான் நடைமுறை. பள்ளியில் சேர, பாஸ்போர்ட் எடுக்க எனக்கு எந்தத் தடையும் வரவில்லை. பத்தொன்பது வயதில் ஒரு கல்யாண வீட்டில் அத்தை ஒருவர் வாய் தவறிச் சொன்னார்: "எந்தச் சாதி ரத்தமோ!" அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

1956க்கு முந்தைய சாஸ்திரச் சட்டப்படி தத்துப் பிள்ளை ஆணாக இருக்க வேண்டும், அதே சாதியாகவும் இருக்க வேண்டும். 1956ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் நீக்கியது. தத்துக்கு ஹோமம்கூடக் கட்டாயமில்லை என்றது. சட்டம் மாறிவிட்டது, என் அத்தை மாறவில்லை.

என் கோப்பைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "எதுக்கும்மா, கம்யூனிட்டி சர்டிபிகேட்டுக்கா?" பிறப்பைக் கேட்டால் சாதியைக் கேட்பதாகவே இந்த நாட்டுக்குப் புரிகிறது. நம் தோழர்களும் வேறு விதமாக அதையே சொல்கிறார்கள்: "சாதி தெரியாமல் இருப்பது உனக்கு விடுதலைதானே?"

இல்லை தோழர். சாதி தெரியாததால் சாதி என்னை விட்டுவிடவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் என் நிறத்தைப் பார்த்து எனக்கு ஒரு சாதியை ஒதுக்கினார்கள். ஒவ்வொருவரும் தங்களுக்கு ஒரு படி கீழே ஒதுக்கினார்கள். படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் வீட்டுக் கூடத்தில் பார்த்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது என்னைப் பற்றி அரசு எழுதி வைத்திருக்கும் உண்மை. எந்த நாள், எந்த இடம், யார் கையெழுத்து, என்ன காரணம். மருத்துவர் "குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா?" என்று கேட்டால் சொல்ல ஒரு பதில்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே 1956 சட்டத்தின் 12ஆவது பிரிவு, தத்துப் பிள்ளை தன் பிறந்த குடும்பத்தில் யாரை மணக்கக் கூடாதோ அவர்களைத் தத்துக்குப் பிறகும் மணக்கக் கூடாது என்கிறது. யார் அவர்கள் என்று தெரியாமல் நான் எப்படிக் கீழ்ப்படிவது?

கோப்பு மூடியே கிடந்தால் யாருக்கு லாபம்? சென்னைக் குடிசைப் பகுதிகளில் திருடிய குழந்தைகளைப் போலி ஆவணங்களோடு வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுத்ததாக மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற நிறுவனத்தின் மீது 2005இல் வழக்கு வந்தது. தென் கொரியாவில் தத்துக் குழந்தைகளின் ஆவணங்கள் திருத்தப்பட்டதை அந்த நாட்டு உண்மை ஆணையமே 2025இல் ஒப்புக்கொண்டது. ஏழையின் பிள்ளையை 'அநாதை' என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் போதும், கடத்தல் தத்தாகிவிடுகிறது.

1984இல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், வளர்ந்த பிள்ளைக்குப் பெற்றோர் விவரம் சொல்வதில் பெரிய ஆட்சேபம் இருக்காது என்றது. ஆனால் சொல்வதை வளர்ப்புப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டது. இன்றைய 2022 ஒழுங்குமுறைகளின்படி 18 வயது நிரம்பியவர் தானே விண்ணப்பிக்கலாம். பெற்றவர் தன்னை வெளிப்படுத்த வேண்டாம் என்று கேட்டிருந்தால் அவரது சம்மதம் வேண்டும்.

இங்கேதான் நான் தயங்கி நிற்கிறேன். என்னைப் பெற்றவள் ஏன் விட்டாள்? மூன்றாவது பெண்ணாகப் பிறந்தேனா? சாதி தாண்டிய காதலில் பிறந்தேனா? 'கௌரவம்' என்ற பெயரில் மகளையே வெட்டும் ஊர்கள் இவை. பெயர் வெளியே வராததால்தான் அவள் உயிரோடு இருக்கிறாளோ என்னவோ. அவள் வாசலில் போய் நிற்பது என் உரிமை அல்ல.

ஆனால் தாளைத் தருவதும் சந்திப்பதும் வேறு வேறு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மக்கள் 1998இல் வாக்களித்து முதல் பிறப்புச் சான்றிதழைத் திறந்தார்கள். பெற்றவர் தொடர்பை விரும்புகிறாரா இல்லையா என்று எழுதித் தர அங்கே ஒரு படிவம் உண்டு. அயர்லாந்து 2022இல் இதைச் சட்டமாக்கியது. தொடர்பு வேண்டாம் என்று தாய் சொல்லியிருந்தால், அதைப் பிள்ளையிடம் எடுத்துச் சொல்லிவிட்டுச் சான்றிதழைக் கொடுக்கிறார்கள்.

இங்கே அது அப்படியே பொருந்தாது. அங்கே அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு அரிவாளோடு யாரும் கிளம்புவதில்லை. அதனால் பெயரை வெளியிடுவதா என்ற முடிவு தாயின் கையில் இருக்கட்டும். மற்றதெல்லாம், தேதி, இடம், காரணம், உடல்நலக் குறிப்பு, 18 வயதில் கேட்ட உடனே கைக்கு வரட்டும். கல்வராயன் மலையில் வீட்டுப் பிரசவத்தில் பிறந்து, பதிவே இல்லாமல் கொடுக்கப்பட்ட பிள்ளைக்குச் சான்றிதழே இருக்காது. அந்தப் பிள்ளைக்கு இல்லத்தின் பழைய பதிவேடுதான் சான்றிதழ். அதைக் கரையான் தின்ன விடக் கூடாது.

எனக்குக் கடைசியில் ஒரு நகல் கிடைத்தது. "பெண் குழந்தை. எடை 1 கிலோ 900 கிராம். மஞ்சள் நிறப் பழைய சேலையில் சுற்றியிருந்தது." அவ்வளவுதான். சாதி பற்றி ஒரு வரி இல்லை. நான் தேடவும் இல்லை. அந்தச் சேலையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். குளிரக் கூடாது என்று ஒருத்தி நினைத்திருக்கிறாள்.

அந்த ஒரு வரி இன்னும் எத்தனையோ பேருக்குப் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்லிக் கேட்போம். ஜெய்பீம்.