அருகருகே

வரவும் செலவும் ஒன்றுக்கொன்று மாறானவை. ஆயினும் ஒரு குடும்பத்தின் நிலைமையை அறிய விரும்புவோர் வரவை மட்டுமோ செலவை மட்டுமோ விசாரிப்பதில்லை. வரவு செலவு எப்படி என்றே கேட்பர். போக்கும் வரத்தும் கூடிப் போக்குவரத்தாயின. ஒருவன் இரவு பகலாக உழைத்தான் என்றால் ஓயாது உழைத்தான் என்பதே பொருள். மாறுபட்ட இரண்டை அருகருகே நிறுத்தி முழுமையைச் சொல்லிவிடுவது தமிழ்ப் பேச்சின் பழைய வழக்கம். சொல்லாலும் பொருளாலும் மாறுபடத் தொடுப்பதைத் தொல்காப்பியம் முரண் என வகுத்தது. அவ்விலக்கணத்தை அறியாத கிழவியும் மேடு பள்ளமென்றும் கொடுக்கல் வாங்கலென்றும் பிழையின்றிப் பேசுகிறாள்.

நாவின் வழக்கமே கையின் வழக்கமுமாகும். தைப்பொங்கலன்று யாழ்ப்பாணத்து முற்றங்களைச் சாணத்தால் மெழுகி, அக்கருந்தரையின்மேல் அரிசிமாவினாற் கோலமிடுவர். முற்றம் சீமெந்தாகிவிட்ட வீடுகளில் அதே மா எடுபடுவதில்லை. மாவிலே குற்றமில்லை. கோயில் மதிலின் வெள்ளைப் பட்டை அத்துணை வெண்மையாகத் தோன்றுவதும் பக்கத்துக் காவிப் பட்டையினாலன்றோ!

இதனை முறையாக ஆராய்ந்தவர் மிசேல் செவ்ரல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர். பாரிஸ் நகரில், சித்திரத் திரைச்சீலைகள் நெய்யும் கோபெலின் நெசவுச்சாலையில், 1824ஆம் ஆண்டில் அவர் சாயப்பகுதியின் தலைவரானார். நீல ஆடையின் நிழலுக்காக வைத்து நெய்த கறுப்பு நூல் மங்கித் தெரிகிறதென்று அவரிடம் முறைப்பாடு வந்தது. வேறு சாலைகளிற் சாயமிட்ட கறுப்பு நூலை வருவித்து அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் யாதொரு குறையும் இல்லை. அருகிலிருந்த நீலமும் ஊதாவுமே கறுப்பைக் குன்றச் செய்தன. இவ்வாராய்ச்சி 1839இல் பெருநூலாக வெளிவந்தது.

சாயக்காரன்மேல் வீணே விழுந்த பழி வீடுகளிலே பிள்ளைகள்மேல் விழுகிறது. "கெட்டிக்காரன்தான், ஆனால் விளையாட்டுப் புத்தி" என்பதும், "விளையாட்டுப் புத்திதான், ஆனால் கெட்டிக்காரன்" என்பதும் ஒரே சொற்கள். முன்னதைக் கேட்ட சிறுவன் தலைகவிழ்ந்து செல்கிறான். பின்னதைக் கேட்டவன் புத்தகத்தைத் தானே எடுக்கிறான். பிள்ளையோடு பிள்ளையை ஒப்பிடும்போதோ நிலைமை இன்னும் மோசம்.

தவணை முடிவிலே தகப்பனார் தம் புதல்வர் இருவரின் தேர்ச்சியறிக்கைகளையும் ஒரே மேசையில் விரித்து வைக்கிறார். கணிதத்தில் மூத்தவனுக்கு 92, இளையவனுக்கு 51. தகப்பனாரின் முகம் சுருங்குகிறது. இளையவன் சென்ற தவணையில் எடுத்தது 38. அந்த அறிக்கை அலுமாரிக்குள் கிடக்கிறது.