சைக்கிளும் ஒரு கல்வி உதவிதான்

(அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)



 



கல்வி உதவி வழங்கும் மேடையில் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நம் அறக்கட்டளை ஒரு பெண் பிள்ளைக்குக் கட்டணம் கட்டியது. நோட்டும் சீருடையும் வாங்கிக் கொடுத்தது. பிள்ளை நன்றாகப் படித்தாள். ஆனால் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். விசாரித்தபோது அவளுடைய உம்மா சொன்னார்: "மேல்நிலைப் பள்ளிக்கூடம் தூரம். பஸ் நேரத்துக்கு வர்றதில்லை. ஆட்டோவுக்குக் கொடுக்க வசதியில்லை. பிள்ளை சைக்கிள் கேட்டா. நீங்கதானே, வயசுக்கு வந்த பிள்ளைக்குச் சைக்கிள் எதுக்குன்னு கேட்டீங்க?"

உண்மை. நான்தான் கேட்டேன். மார்க்கத்தைப் பார்த்து அப்படிக் கேட்கவில்லை. ஊர் என்ன பேசுமோ என்ற பயத்தில் கேட்டேன். அந்தப் பிள்ளையின் படிப்பு நின்றதில் எனக்கும் பங்கு உண்டு. அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

பிறகுதான் கிதாபுகளைப் புரட்டினேன். ஒட்டகத்தில் ஏறும் பெண்களில் குறைஷிப் பெண்கள் சிறந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பிள்ளைகளிடம் அவர்கள் காட்டும் பரிவையும், கணவரின் பொருளைப் பேணுவதையும் அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். வாகனத்தில் ஏறியது அந்தப் பெண்களின் கண்ணியத்தைக் குறைக்கவில்லை. ஆடையிலும் நடத்தையிலும் பேணுதல் வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் பேணுதலோடு சைக்கிள் ஓட்ட முடியும்.

நமக்குப் பக்கத்திலேயே இது நடந்திருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரில் சென்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதையெல்லாம் எழுதியிருக்கிறார். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், கிராம நர்சுகள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள், கட்டுப்பாடான குடும்பத்து முஸ்லிம் பெண்கள் என எல்லோரும் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன் பாரில் குழந்தைக்குச் சீட் மாட்டலாம் என்பதற்காக அதையே விரும்பியவர்களும் உண்டு. காய்கறி விற்ற பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் இன்னும் நாலு ஊருக்குப் போய் விற்றார்கள். முதலில் கேலி பேசிய ஊர்கள் பிறகு பழகிக்கொண்டன.

பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புச் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் திட்டம் வந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள் என்றும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்றும் கண்டார்கள். பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

நம் காரைக்காலுக்கு வருவோம். மேடு பள்ளம் இல்லாத டெல்டா பூமி. நிரவி, கோட்டுச்சேரி, திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம் எல்லாம் அரை மணி நேரம் மிதிக்கும் தூரம்தான். ஆனாலும் நம் வீடுகளில் பள்ளிவாசலுக்கும் மளிகைக் கடைக்கும்கூட பைக்கை எடுக்கிறோம். பக்கத்து மாவட்டங்களைவிட இங்கே பெட்ரோல் விலை குறைவு என்பதும் ஒரு காரணம். பைக்கோ பெரும்பாலும் தவணையில் வருகிறது. தவணையோடு வட்டியும் வீட்டுக்குள் வருகிறது. வட்டி ஹராம் என்று குத்பாவில் கேட்டுவிட்டு, வாசலில் வட்டி வண்டியை நிறுத்தி வைக்கிறோம்.

இன்னொன்று, பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் வாப்பாமார்களுக்கு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் எந்தப் பணமும் ஈடாகாது.

பிழைப்புக்கும் சைக்கிள் உதவும். காலையில் இடியாப்பம் விற்பவர், டீ கேன் கட்டிச் செல்பவர், மீன் கூடை வைத்திருப்பவர் எல்லோருக்கும் கேரியர்தான் கடை. தொழில் தெரிந்த ஏழைக்கு அவருடைய தொழில் கருவிக்கான விலையை ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று நம் ஷாஃபி மத்ஹப் நூல்கள் சொல்கின்றன. ஒருவரை வாகனத்தில் ஏற்றிவிடுவதும், அவருடைய சுமையைத் தூக்கி வைப்பதும் ஸதகா என்பது ஹதீஸ். ஒருவருக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

ஆகவே இந்த ஆண்டு முதல், இன்ஷா அல்லாஹ், நம் அறக்கட்டளை மூன்று காரியங்கள் செய்யும்.

முதலாவது: தூரத்துப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தோடு சைக்கிளும் தருவோம். வியாபாரம் செய்பவர்களுக்கு வட்டியில்லாக் கடன் தருவோம்.

இரண்டாவது: பலர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதைக் கொடுங்கள். டயர், டியூப், பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் போட்டு ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் செலவு அறக்கட்டளையுடையது.

மூன்றாவது: மதரஸா மைதானத்தில் ஞாயிறு காலையில் பெண்களுக்குப் பெண்களே ஓட்டக் கற்றுக் கொடுப்பார்கள்.

பாதுகாப்பையும் மறக்க வேண்டாம். புர்கா, துப்பட்டா மாட்டாமல் இருக்க செயின் கவரும், பின் சக்கரத்துக்கு வலையும் அவசியம். மக்ரிபுக்குப் பிறகு விளக்கும், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் இல்லாமல் கிளம்பாதீர்கள். லாரிகள் ஓடும் பெரிய சாலையைத் தவிர்த்து உள் தெருக்களில் போங்கள்.

படிப்பை நிறுத்திய அந்தப் பிள்ளையின் தங்கை இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இன்று கொடுக்கப் போகும் முதல் சைக்கிள் அவளுக்குத்தான். அவள் அதில் போகும்போது யாராவது முகம் சுளித்தால், என்னிடம் வந்து பேசச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகள் போகும் வழியிலும் வரும் வழியிலும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.