பழைய பொருளை இணையச் சந்தையில் விற்போர் கவனத்திற்கு

(வேலம்பாளையம் உழவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வேலம்பாளையம் வட்டாரத்தில் ஒரு பக்கம் தோட்டமும் மறு பக்கம் பனியன் கம்பெனியுமாகப் பிழைப்பு நடைபெறுகிறது. ஆகவே உங்களில் பலர் வீட்டில் பழைய மோட்டார், மருந்து தெளிப்பான், ஓவர்லாக் மிஷின், மொபெட் என ஏதேனும் ஒன்று விலைக்குப் போகக் காத்திருக்கும். முன்பு பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டவற்றை இன்று செல்போனில் படம் எடுத்து, ஓ.எல்.எக்ஸ்., பேஸ்புக் போன்ற இணையச் சந்தைகளில் விற்கிறோம். நல்ல விலை கிடைப்பதும் உண்டு. ஆனால், "வாங்குகிறவர்தானே ஏமாறுவார், விற்கிற நமக்கு என்ன பயம்?" என்று இருந்து விடலாகாது.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையை எண்ணிப் பாருங்கள். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினாலும், எதிரில் நிற்பவரின் முகம் தெரியும். தரகர் எந்த ஊர்க்காரர் என்பதும் தெரியும். பணத்தை எண்ணி வாங்கிய பிறகே கயிறு கை மாறும். இணையச் சந்தையில் ஆளும் தெரியாது, ஊரும் தெரியாது. எனவே கூடுதல் விழிப்பு தேவை.

பணம் பறிபோவது எவ்வாறு?

விளம்பரம் வெளியான சிறிது நேரத்தில் ஒருவர் பேசுவார். பொருளை நேரில் பாராமலே, பேரமும் பேசாமலே, கேட்ட விலைக்குச் சம்மதிப்பார். தாம் ராணுவத்தில் பணிபுரிவதாகக் கூறி அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவார். நம்பிக்கை வருவதற்காகச் சிறு தொகை ஒன்றைச் செலுத்துவார். பிறகு ஒரு கியூ.ஆர். கட்டத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், முழுப் பணமும் வந்து சேரும்" என்பார். அவ்வாறு செய்தால் பணம் வராது. உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.

2021 பிப்ரவரியில் அப்போதைய டில்லி முதலமைச்சர் அரவிந்த் கெஜ்ரிவாலின் குடும்பத்தினர் ஒருவரே, பழைய சோபா விற்கப் போய் இவ்விதம் 34,000 ரூபாய் இழந்தார். முதலில் போனது 20,000. "தவறிவிட்டது, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்" என்று கூறி மேலும் 14,000 எடுத்தார்கள். படித்தவர்களுக்கும் இது நேரும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. யு.பி.ஐ. மூலம் பணம் பெறுவதற்கு ரகசிய எண் வேண்டியதில்லை. கட்டத்தை ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. இவை இரண்டும் பணம் கொடுப்பவர் செய்யும் வேலை. தனிநபர் ஒருவர் மற்றொருவரிடம் யு.பி.ஐ.யில் பணம் கேட்டு அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுள்ளது. ஆயினும் கியூ.ஆர். கட்டத்தைக் கொண்டு ஏமாற்றும் வழி அடைபடவில்லை.

2. "பணம் அனுப்பிவிட்டேன்" என்று காட்டும் படத்தையோ குறுஞ்செய்தியையோ நம்ப வேண்டாம். உங்கள் வங்கிக் கணக்கின் இருப்பைப் பார்த்த பின்னரே பொருளைக் கொடுக்கவும். "தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்றாலும் இதையே செய்யவும்.

3. பொருளை நேரில் வந்து பார்க்கச் சொல்லவும். தனியே தோட்டத்துக்கு வரச் சொல்லாமல், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் பகலில் காட்டவும்.

4. பழைய செல்போனை விற்குமுன் சிம்மையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட்டு, உள்ளிருக்கும் கணக்குகளையும் படங்களையும் முழுவதும் அழிக்கவும்.

வண்டி விற்போருக்கு

வண்டி விற்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பணம் முழுதும் கைக்கு வந்தாலும், பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கும் வரை பொறுப்பும் உங்களுடையதே. பல கை மாறிச் சென்ற வண்டியால் நேர்ந்த விபத்து வழக்கொன்றில், யார் பெயரில் பதிவு உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6-இல் தீர்ப்பளித்தது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியாயின் அந்தச் சுமை தோட்டத்தையே விற்க வைக்கும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, நம் மாநிலத்தில் பதிவான வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 ஆகியவற்றில் கையொப்பமிட்டு வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு வருவது போதாது. பெயர் மாறியதை நீங்களே உறுதி செய்து கொள்ளவும்.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டுக் காலம் கடத்த வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசவும். தகவல் கிடைத்ததும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குச் செய்தி செல்லும். பணம் அங்கே இருந்தால் நிறுத்தி வைக்கப்படும். அதற்குள் எடுத்துவிட்டால் மீட்பது கடினம். உங்கள் வங்கிக்கும் தெரிவிக்கவும். வாடிக்கையாளர் ரகசிய எண்ணை வெளியிட்டது போன்ற கவனக்குறைவால் நேரும் இழப்பில், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் வாடிக்கையாளர் தலையிலேயே விழும் என்று ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதி கூறியது. பேசிய எண், வந்த செய்திகள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்து, சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்கவும்.

உழவர் பெருமக்களே! சந்தையில் பணம் கைக்கு வராமல் கயிற்றை விட மாட்டீர்கள். செல்போனிலும் அந்த வழக்கத்தையே கைக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக் கொள்கிறேன்.