எவர்சில்வர் டம்ளர் ஏன் ஒட்டவில்லை?

தாம்பரம் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ‘இரும்பு, நிக்கல், கோபால்ட் காந்தத்தில் ஒட்டும்’ என்று 15 ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவந்தேன். 6-ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி எவர்சில்வர் டம்ளரில் காந்தத்தை வைத்தாள். ஒட்டவில்லை. “இதுல இரும்பு இல்லையா மிஸ்?”

இருக்கிறதே! நல்ல எவர்சில்வரில் சுமார் 70 சதவீதம் இரும்பு, 8 சதவீதம் நிக்கலும்கூட. “நாளைக்குச் சொல்றேன்” என்று தப்பித்தேன்.

ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். இரண்டு எதிரெதிராக இணைந்தால் விளைவு இல்லை. இரும்பு அணுவில் 4 எலக்ட்ரான்கள் இணையில்லாமல் நிற்கின்றன. அது மட்டும் போதாது. மாங்கனீசில் 5 நிற்கின்றன, ஆனால் ஒட்டாது. பக்கத்து அணுக்களும் ஒரே திசையில் அணிவகுக்க வேண்டும். அதற்கு அணுக்களின் அடுக்கு முக்கியம். எவர்சில்வரில் நிக்கல் சேர்ந்ததும் இரும்பின் அடுக்கு மாறி, அணிவகுப்பு குலைகிறது. (படிகங்களின் அடுக்குக்கும் காந்தப் பண்புக்கும் உள்ள உறவை 1930-களில் நுட்பமாக அளந்த கே.எஸ்.கிருஷ்ணன் நம் வத்திராயிருப்புக்காரர். தாம்பரத்துக்கு வருமுன் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர்.)

மறுநாள் நாணயங்கள் கொண்டுபோனேன். இரும்பும் குரோமியமும் கலந்த ஒரு ரூபாய் ஒட்டியது. செம்பும் நிக்கலும் கலந்த பழைய ஐந்து ரூபாய் ஒட்டவில்லை.

“அப்போ போர்டுல இருக்கறத அழிச்சிடலாமா மிஸ்?”

அழிக்கவில்லை. ‘தனி உலோகமாக இருக்கும்போது’ என்று பக்கத்தில் சேர்த்தேன்.