பனிப்புயல் நாளில் மூடும் கதவும் மூடாத கதவும்

(ஸ்காபரோவில் இடம்பெற்ற பெற்றோர் – ஆசிரியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பனிப்புயலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது நண்பர் ஒருவர் சிரித்தார். “கனடாவில் பனி கொட்டுவது புதினமா?” என்று கேட்டார். பனி புதினமன்று. ஆனால் பனி கொட்டும் நாளில் யாருடைய வீட்டில் உலை கொதிக்காமல் போகிறது என்பதை நாம் இதுவரை கூடியிருந்து பேசியதில்லை. அதைப் பேசுவதற்கே இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினேன்.

1999ஆம் ஆண்டு சனவரி மாதத்தை இங்கிருக்கும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதத்தில் ரொறன்ரோவில் ஒரு மீற்றருக்கும் அதிகமான பனி கொட்டியது. அப்போதைய நகர முதல்வர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தை உதவிக்கு அழைத்தார். கவச வாகனங்கள் நகருக்குள் வந்தன. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டதும் என் தாயார் பேரப்பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அந்தப் படையினர் கையில் மண்வாரியோடு வந்திருக்கிறார்கள் என்று விளங்கப்படுத்த எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

அந்த வாரத்தில்தான் எனக்கு வேறொரு பாடமும் கிடைத்தது. ஊரில் ஆசிரியராக இருந்த நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் பொதிகட்டும் வேலை செய்துகொண்டிருந்தேன். பாடசாலைகள் மூடப்பட்டுவிட்டன. தொழிற்சாலை மூடப்பட்டதாக எந்த அறிவித்தலும் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் தாயாரிடம் விட்டுவிட்டு, இரண்டு பேருந்துகள் மாறி, முழங்காலளவு பனியில் நடந்து வேலைத்தலத்தை அடைந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து, “பொருட்கள் ஏற்றும் வண்டிகள் வரவில்லை, வீட்டுக்குப் போங்கள்” என்றார்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு மட்டுமே கூலி கிடைத்தது. தாயார் இல்லாதிருந்தால் அதுவும் கிடைத்திராது.

ஊரில் நாங்கள் மூடுதல்களை அறியாதவர்கள் அல்லர். ஊரடங்குச் சட்டம் என்றால் பாடசாலை, சந்தை, கச்சேரி, வங்கி எல்லாமே ஒன்றாக மூடப்படும். பயமும் பசியும் இருந்தன. ஆனால் தாயும் தகப்பனும் பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். இங்கே நிலைமை வேறு. பாடசாலையின் கதவு மூடும். வேலைத்தலத்தின் கதவு மூடாது. அந்த இரண்டு கதவுகளுக்கும் இடையில் நிற்பவர்கள் யார் என்பதே என் பேச்சின் பொருள்.

தமிழகத்தில் மழை நாட்களில் பாடசாலை விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிப்பார். 2023ஆம் ஆண்டு மிக்ஜாம் புயலின்போது தமிழக அரசு இன்னும் ஒருபடி மேலே சென்று, டிசம்பர் 4ஆம் நாளைச் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் பொது விடுமுறையாகவே அறிவித்தது. தனியார் நிறுவனங்களையும் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்ய விடுமாறு கேட்டுக்கொண்டது. நாட்கூலிக்கு உழைப்பவருடைய துயரம் அதனால் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆயினும் பாடசாலையையும் அலுவலகத்தையும் ஒரே வாயிலிருந்து வந்த ஒரே அறிவித்தல் சேர்த்துப் பேசியது. ஒன்ராறியோவில் அவ்வாறான ஒரே வாய் சாதாரண பனிப்புயல் நாளில் இல்லை. பாடசாலையை மூடுவது கல்விச் சபையின் முடிவு. மாணவர் பேருந்தை நிறுத்துவது போக்குவரத்தை நடத்துவோரின் முடிவு. தொழிற்சாலையைத் திறப்பது முதலாளியின் முடிவு. முதலாளி மற்றவர்களைக் கேட்டு முடிவெடுப்பதில்லை.

இந்த முடிவுகள் எளிதானவை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2011ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள், 1999க்குப் பின்னர் முதன்முறையாக, ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை தன் பாடசாலைகள் அனைத்தையும் மூடியது. எதிர்பார்த்த அளவுக்குப் புயல் வரவில்லை. “வீணாக மூடிவிட்டார்கள்” என்று மக்கள் குறைப்பட்டார்கள். மூடாதிருந்து ஒரு பிள்ளை விபத்தில் சிக்கியிருந்தால் அதே மக்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? ஆகவே நான் மூடுவதை எதிர்த்துப் பேச வரவில்லை. பிள்ளைகளின் உயிர் பெரிது. மூடுவதன் செலவை யார் சுமப்பது என்பதே என் கேள்வி.

2022ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். பெருந்தொற்றுக் காரணமாக இணையவழியில் நடந்த வகுப்புகள் முடிந்து, பிள்ளைகள் மீண்டும் பாடசாலைக்குத் திரும்பவிருந்த நாள் அது. அன்று நகரின் சில பகுதிகளில் அரை மீற்றரளவு பனி கொட்டியது. டொன் வலிப் பெருஞ்சாலையும் கார்டினர் விரைவுச்சாலையும் மூடப்பட்டன. பாடசாலைகள் திறக்கவில்லை. ஆனால் அன்று மருத்துவமனைகள் மூடவில்லை. முதியோர் இல்லங்கள் மூடவில்லை. அங்கே நோயாளியின் படுக்கையை மாற்றியவர்களிலும், முதியவருக்கு உணவூட்டியவர்களிலும், நிலம் துடைத்தவர்களிலும் எத்தனை பேர் எங்கள் பெண்கள்!

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி முதியோர் இல்லத்தில் இரவுப்பணி செய்கிறார். கணவர் விடியற்காலை ஐந்து மணிக்குப் பொதிவண்டி எடுத்துச் செல்பவர். மனைவி ஏழரைக்கு வீடு திரும்பும்வரை மூத்த பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்வாள். எட்டரைக்குப் பிள்ளைகள் பாடசாலை போனபின் அந்தத் தாய் உறங்குவார். பனிப்புயல் நாளில் என்ன நடக்கிறது? காலையில் அவரை விடுவிக்க வரவேண்டியவர் வந்துசேரவில்லை. முதியவர்களைத் தனியே விட்டு வர முடியாது. வீட்டில் ஒன்பது வயதும் ஆறு வயதும் தனியே இருக்கின்றன. பாடசாலை இல்லை என்ற செய்தி ஆங்கில மின்னஞ்சலாக வந்து கிடக்கிறது. அவர் கைத்தொலைபேசியை இடைவேளையில்தான் பார்க்க முடியும்.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. ஒன்ராறியோச் சட்டம், எத்தனை வயதில் பிள்ளையைத் தனியே விடலாம் என்று ஓர் எண்ணைச் சொல்லவில்லை. ஆனால் 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை, சூழ்நிலைக்கு ஏற்ற நியாயமான மேற்பார்வைக்கு ஒழுங்கு செய்யாமல் விட்டுச் செல்லக்கூடாது என்கிறது. ஆகவே அந்தத் தாயின் முன் இரண்டு அச்சங்கள் நிற்கின்றன. வேலைக்குப் போகாவிட்டால் வேலை போய்விடுமோ என்பது ஒன்று. போனால் பிள்ளைகள் நலச் சங்கம் கதவைத் தட்டுமோ என்பது மற்றொன்று.

இனி ஆசிரியர்களைப் பற்றி. “பனி நாள் ஆசிரியருக்குக் கொண்டாட்டம்” என்று எம்மவர் பகிடியாகச் சொல்வதுண்டு. உண்மை அவ்வளவு இனிப்பானதன்று. பேருந்துகள் நிறுத்தப்பட்டுப் பாடசாலை மட்டும் திறந்திருக்கும் நாட்களே அதிகம். வீட்டு வாடகை தாங்காமல் ஏஜாக்ஸ், ஒஷாவா என்று தள்ளிப்போன ஆசிரியர்கள் அந்தச் சறுக்கும் வீதிகளில் வந்தே ஆகவேண்டும். தம் பிள்ளையின் பாடசாலை வேறு கல்விச் சபையைச் சேர்ந்ததாக இருந்தால், அது மூடியிருக்க இவருடையது திறந்திருக்கும். மற்றவர் பிள்ளையைப் பார்க்கத் தன் பிள்ளையை எங்கே விடுவது? வகுப்புக்கு வருவது ஏழெட்டுப் பிள்ளைகள். புதிய பாடம் நடத்தினால் வராதவர்களுக்கு இழப்பு, நடத்தாவிட்டால் வந்தவர்களுக்கு இழப்பு.

பெருந்தொற்றுக்குப் பின்னர் சில கல்விச் சபைகள் பனி நாளில் இணையவழி வகுப்பு என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தன. கேட்க நல்லதாகவே இருக்கிறது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரு மடிக்கணினியும் இருந்தால் எந்தப் பிள்ளை படிப்பது? மின்சாரம் இல்லாவிட்டால் யார் படிப்பது? 2013 டிசம்பரில் உறைபனிமழை பெய்தபோது ரொறன்ரோவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன என்பதை மறக்கக்கூடாது.

நிரந்தர ஆசிரியரைவிட மோசமான நிலையில் இருப்பவர்கள், அழைத்தால் மட்டும் வேலைக்குப் போகும் பதில் ஆசிரியர்களும், மதிய உணவுவேளை மேற்பார்வையாளர்களும், சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களும் ஆவர். இவர்களுள் பலர் நாட்கணக்கிலோ மணிக்கணக்கிலோ ஊதியம் பெறுபவர்கள். நான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்திய காலத்தில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் புயலுக்கு இரண்டு மூன்று வகுப்புகளைப் பறிகொடுப்போம். கிழமைக்கு ஒருமுறை மட்டும் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு வகுப்புகள் என்பது சிறிய இழப்பன்று.

சட்டம் எங்களுக்கு எவ்வளவு துணைநிற்கிறது என்று பார்ப்போம். நான் சொன்ன அந்தத் தொழிற்சாலை அனுபவத்தைக் கேட்டவர்கள், “மூன்று மணிநேரக் கூலி தரவேண்டுமே” என்பார்கள். ஒன்ராறியோவில் அப்படி ஒரு விதி உண்டு. நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வழமையாக வேலை செய்பவரை அழைத்துவிட்டு இடையில் திருப்பி அனுப்பினால் மூன்று மணித்தியாலக் கூலி கொடுக்க வேண்டும். ஆனால் தீ, மின்னல், மின்தடை, புயல் போன்ற, முதலாளியின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் வேலை நின்றால் அந்த விதி பொருந்தாது. அதாவது புயலில் நடந்து வந்தவருக்குப் புயலையே காரணம் காட்டிக் கூலி மறுக்கலாம்.

குடும்பப் பொறுப்பு விடுப்பு என்று ஒன்று உண்டு. இரண்டு கிழமைகள் தொடர்ந்து வேலை செய்த ஊழியர் ஆண்டுக்கு மூன்று நாட்கள் எடுக்கலாம். எதிர்பாராத அவசரக் குடும்பக் காரியங்களுக்கு இது பொருந்தும். இதை எடுத்ததற்காக உங்களைத் தண்டிக்கவோ வேலையால் நிறுத்தவோ முடியாது. எங்கள் மக்கள் பலருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாது. ஆனால் இந்த மூன்று நாட்களுக்கும் சம்பளம் இல்லை. 2018இல் அவசர விடுப்பில் இரண்டு நாட்களுக்குச் சம்பளம் வழங்கும் சட்டம் இங்கே நடைமுறையில் இருந்தது. 2019 சனவரி முதலாம் நாளோடு அது நீக்கப்பட்டது. எங்கள் அயல் மாகாணமான கியூபெக்கிலோ குடும்பக் கடமைகளுக்காகப் பத்து நாட்கள் எடுக்கலாம். மூன்று மாதம் வேலை செய்தவருக்கு முதல் இரண்டு நாட்களுக்குச் சம்பளமும் உண்டு. வங்கி, விமானசேவை போன்று மத்திய அரசின் சட்டத்துக்குட்பட்ட துறைகளில் 2019 செப்ரெம்பர் முதல் ஐந்து நாள் தனிப்பட்ட விடுப்பும், மூன்று மாதப் பணிக்குப் பின் அதில் முதல் மூன்று நாட்களுக்குச் சம்பளமும் உண்டு. வங்கியில் வேலை செய்யும் தாய்க்கு நியாயமானது முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் தாய்க்கு ஏன் நியாயமில்லாமல் போகிறது?

ஆகவே நான் முன்வைக்கும் கோரிக்கைகள் மூன்று.

முதலாவது, சம்பளத்துடன் கூடிய குடும்பப் பொறுப்பு நாட்கள் இரண்டாவது ஒன்ராறியோவில் மீண்டும் வேண்டும். வாக்குக் கேட்டு எங்கள் வாசலுக்கும் எங்கள் பொங்கல் விழா மேடைக்கும் வருகின்ற ஒவ்வொரு வேட்பாளரிடமும் இதைக் கேளுங்கள். பொன்னாடை போர்த்திவிட்டுக் கேட்டாலும் சரி, போர்த்துவதற்கு முன் கேட்டாலும் சரி, கேட்காமல் விடாதீர்கள்.

இரண்டாவது, மூடும் முடிவை இயன்றவரை முதல்நாள் மாலையிலேயே அறிவிக்குமாறும், தமிழிலும் குறுஞ்செய்தியாக அனுப்புமாறும் கல்விச் சபைகளைக் கேட்போம். விடிகாலை அறிவித்தல் இரவுப்பணியில் இருக்கும் தாய்க்குப் பயன்படாது.

மூன்றாவது கோரிக்கை அரசாங்கத்திடம் அன்று, எங்களிடமே. ஒரே அடுக்குமாடியில் நாற்பது தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஆச்சிமாரும் அதே மாடியில் தனிமையில் இருக்கிறார்கள். ஊரில் மழைவெள்ளம் வந்தால் அயல்வீட்டுப் பிள்ளை எங்கள் திண்ணையில்தான் இருக்கும். அந்த வழக்கத்தை மின்தூக்கிக்குள் தொலைத்துவிட்டோம். பனிக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு மாடியிலும் ஐந்து குடும்பங்கள் தொலைபேசி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். புயல் நாளில் யார் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளலாம். எனக்கு வயது போய்விட்டதுதான். ஆனால் நாலு பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க இன்னும் தெம்பு இருக்கிறது.

1999இல் என் தாயார் இருந்ததால் நான் தப்பினேன். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு தாயார் இருக்க முடியாது. அந்த இடத்தைச் சட்டம் பாதியும் சமூகம் பாதியுமாக நிரப்பவேண்டும். அடுத்த புயல் எங்களைக் கேட்டு வரப்போவதில்லை. அதற்குமுன் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.