கோயமுத்தூர் வ.உ.சி. மைதானம்
(கூட்டுறவு சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



திருப்பூர் 2009-ஆம் வருஷம் வரையில் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஆதலால் ஜில்லாத் தலைநகரிலுள்ள வ.உ.சி. மைதானத்தை இப்பக்கத்துப் பெரியோர் பலரும் அறிவர். பொருட்காட்சிக்கென்று சென்று, ராட்டினம் சுற்றி, பொரி வாங்கித் தின்று திரும்பியவர் அநேகர். அந்த மைதானத்துக்கு ஏன் அப்பெயர் வந்தது என்று வினவினால் விடை சொல்வோர் சிலரே. கூட்டுறவு சங்கத்தில் பங்கு வைத்திருப்போர் அதனை அறிந்திருப்பது அவசியம்.

ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் வக்கீல் தொழில் செய்தவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டும் உரிமை ஒரே வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில் இருப்பது கண்டு, 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு தனவந்தரிடம் முழுத்தொகையையும் கேட்காமல் சிறு பங்குகளாகப் பிரித்த யோசனையை அங்கத்தினர் கவனிக்க வேண்டும். சிறுதுளி சேர்த்துப் பெருந்தொழில் நடத்துவதே கூட்டுறவு சங்கங்களின் முறையுமாகும்.

காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907-இல் வந்து சேர்ந்தன. எதிர்க்கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; பின்னர் கட்டணமே வேண்டாம் என்றும், ஏறுவோருக்குக் குடையும் இனாம் என்றும் ஆசை காட்டியது. இனாம் குடைக்குப் பின்னால் போகும் புத்தி அந்நாளில் மாத்திரம் இருந்ததன்று. தரகர் இரண்டு நாள் முன்பணம் நீட்டியவுடன் சங்கத்தை மறந்து சரக்கை அவரிடம் அளந்து விடுவோர் இன்றும் உண்டு.

1908 மார்ச்சு மாதம் 12-ந் தேதி சிதம்பரம் பிள்ளை கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அப்பீலில் அது குறைந்தது. அம்மாதமே அவரைக் கொண்டுவந்து அடைத்த இடம் கோயமுத்தூர் மத்திய சிறை. 1910 டிசம்பர் வரை அங்கிருந்தார். எள்ளும் கடலையும் ஆட்டும் செக்கைக் கொங்குநாட்டில் அறியாதார் இல்லை. இரண்டு எருதுகள் இழுத்தாலும் நுரை தள்ளும் வேலை அது. அந்தச் செக்கில் எருதுக்குப் பதிலாக வக்கீலைப் பூட்டினார்கள். வெளியே அவருடைய கம்பெனி க்ஷீணித்தது. நடத்துவோர் மனம் தளர்ந்தனர். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்தக் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் வாங்கப்பட்டதோ அதற்கே காலியா விற்கப்பட்டது. சிறையில் பட்ட அடியினும் இதுவே அவருக்குப் பெரிய அடியாக இருந்திருக்கும். 1912 டிசம்பரில் விடுதலையாகி, வறுமையில் உழன்று, 1936 நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியில் காலமானார்.

அவர் செக்கிழுத்த சிறைக்கு அண்மையில், மாநகராட்சிக்குரிய பூங்காவும் மைதானமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. குடியரசு தின அணிவகுப்பு, பொருட்காட்சி, காலை நடை, பிள்ளைகளின் பந்தாட்டம் யாவும் அங்கே நடைபெறுகின்றன. அதனை அடுத்துள்ள நேரு விளையாட்டரங்கில் 2019 மார்ச்சு 9-ந் தேதி சென்னை சிட்டி கால்பந்துக் குழு மினர்வா பஞ்சாப் குழுவை மூன்றுக்கு ஒன்று என வென்று, அகில இந்திய ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. செக்கு சிறைக்குள் ஞாபகச் சின்னமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்தோர் சிலர். மைதானத்தில் ஓடியவரோ கணக்கில்லை. ஞாபகார்த்தம் என்றால் கற்றூண் மாத்திரம் என்று எண்ணும் கிராமங்கள் இதைச் சிந்திக்கலாம்.

பிறதேசத்தார் இவ்விஷயத்தில் இன்னும் ஒரு படி சென்றனர். பிரிட்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1936 ஜனவரியில் காலமானபின், அவர் ஞாபகமாக ஊர்தோறும் விளையாட்டு மைதானம் அமைக்க ஒரு நிதி திரட்டப்பட்டது. 1965-இல் அந்நிதி ஸ்தாபனம் கலைந்தபோது 471 மைதானங்கள் இருந்தன. வாசலில் மன்னர் பெயரைப் பொறித்ததோடு நில்லாமல், நிலம் விளையாட்டுக்கே உரியது என்று தர்மசாஸனப் பத்திரமும் எழுதி வைத்தார்கள். ஸ்தாபனம் கலைந்த பின்னும் மைதானங்களைக் கவனிக்கும் பொறுப்பு வேறொரு தேசீய சங்கத்தின் வசம் சென்றது. பெயர்ப்பலகையை ஒரே இரவில் கழற்றிவிடலாம். பத்திரத்தை அவ்வளவு எளிதில் அழிக்க முடியாது.

இப்பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகள் ஓடியாடும் இடம் பெரும்பாலும் புறம்போக்கு. முதலில் ஓர் எருக்குழி வரும். அப்புறம் ஒரு சாளை. பின்னர் பனியன் கம்பெனி வண்டி நிற்கக் கொட்டகை. பத்து வருஷத்தில் மைதானம் வாய்ப்பேச்சில் மாத்திரம் இருக்கும். உறங்கும் அங்கத்தினரால் கப்பல் கைமாறியது போலவே இதுவும் கைமாறுகிறது. ஆனால் விற்பனைத் தொகைகூடக் கிராமத்துக்கு வருவதில்லை.

செய்ய வேண்டுவது கடினமன்று. கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டறிந்து, நிலத்தை அளந்து கல் நாட்டும்படி தாலுகாவில் மனுச் செய்யலாம். விளையாட்டுக்கென ஒதுக்குமாறு பஞ்சாயத்தில் தீர்மானம் செய்து நகல் வாங்கிச் சங்கப் பெட்டியில் வைக்கலாம். சங்க உபவிதிகளில் லாபத்தில் ஒரு பகுதியைப் பொது நன்மை நிதிக்கு ஒதுக்க இடமுண்டு. சமன்படுத்தும் கூலிக்கு அது உதவும். கம்பிவேலிக்குப் பணமில்லை என்று காத்திருக்க வேண்டுவதில்லை. ஒவ்வோர் அங்கத்தினரும் தம் காட்டு வேலியிலிருந்து பத்துக் கிளுவைக் கொம்பு வெட்டிவந்து மழைக்கு முன் நட்டால், அவை துளிர்த்து வேலியாகிவிடும்.