பணியிடத்தில் மாற்றுத்திறனாளிகளும் முதலாளிகளின் கடமையும்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் மஹல்லாவில் கடை, மண்டி, பட்டறை எனத் தொழில் நடத்துவோர் பலர் உள்ளனர். அவர்களை முன்னிட்டே இதைப் பேசத் துணிந்தோம். முதலில் எமது குறையைச் சொல்லிவிடுகிறோம். எமது கடையில் பதினெட்டு ஆண்டுகள் கணக்கெழுதியவருக்குச் சர்க்கரை நோயால் பார்வை மங்கியது. ஒரு தொகையைக் கையில் கொடுத்து, துஆச் செய்து அனுப்பிவைத்தோம். பெரிய தர்மம் செய்துவிட்டதாகவே எண்ணியிருந்தோம். நல்ல விளக்கும், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கணினித் திரையும் இருந்திருந்தால் அவர் அதே நாற்காலியில் தொடர்ந்திருப்பார் என்பது பின்னரே உறைத்தது. அவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

பிரிட்டனில் 1995ஆம் ஆண்டுச் சட்டம், ஊனமுற்ற தொழிலாளிக்காக நியாயமான மாற்றங்களைச் செய்வதை முதலாளியின் கடமையாக்கியது. இன்று அக்கடமை அங்கே 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் உள்ளது. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் வட்டாரத்தில் உள்ளாட்சி மன்றத்தின் தெருக்களைக் கூட்டிவந்த ஒரு பெண்மணி, சிறியதோர் அறுவை சிகிச்சையின் கோளாறினால் நடக்க இயலாதவரானார். அலுவலக வேலைக்குப் பயிற்சி பெற்று, அதே மன்றத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பணியிடங்களுக்கு விண்ணப்பித்தார். எல்லாவற்றிலும் போட்டி நேர்காணல்; ஒன்றும் கிடைக்காமல் வேலைநீக்கம் செய்யப்பட்டார். எல்லோரையும் ஒரே விதமாகத்தானே நடத்தினோம் என்றது மன்றம். 2004இல் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. போட்டியின்றியே வேறு பணிக்கு மாற்றுவதும் அக்கடமையில் அடங்கக்கூடும் என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் இக்கடமை உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையே பாகுபாடு என்கிறது அதன் வரையறை. அளவுக்கு மீறிய சுமையை அது கேட்கவில்லை என்பதையும் வணிகர்கள் கவனிக்க வேண்டும். இருபதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள தனியார் நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நம்மில் எத்தனை பேர் அதை எழுதியிருக்கிறோம்? சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த தடவைகளில் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு.

என்ன ஏற்பாடு என்பதை நாமே ஊகித்துக்கொள்வதும் தவறு. சம்பந்தப்பட்டவருடன் பேசித்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஒரு தேர்வர் தொடுத்த வழக்கில் வலியுறுத்தியது. காது கேளாதவருக்கு உத்தரவைத் தாளில் எழுதித் தரலாம். காலில் பலமில்லாதவருக்குக் கல்லாவருகே உயரமான இருக்கை போடலாம். டயாலிசிஸுக்குச் செல்பவருக்கு வேலை நேரத்தை மாற்றலாம். இவற்றிற்கு ஆகும் செலவு, நம் கடை வாசலில் தொங்கும் விளம்பரப் பலகையின் செலவை எட்டாது.

சென்ற மாதம் அந்தக் கணக்கரின் இல்லம் சென்றோம். மாலையில் இரண்டு மணி நேரம் வந்து, புதிய பையனின் பேரேட்டைச் சரிபார்த்துத் தர இயலுமா என்று வினவினோம். சற்று மௌனமாக இருந்தவர், "மேசையைச் சன்னல் பக்கம் திருப்பிப் போடுவீர்களா, முதலாளி?" என்றார். திருப்பிப் போட்டிருக்கிறோம்.